பாலத்திலிருந்து வந்தவன்

எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டாயிற்று. நேட்டால் மலையடியில் இருந்த அந்த வெள்ளையர் ஊருக்கும், ஓடைக்கு அப்பால் ஒதுக்கப்பட்ட கறுப்பர் குடியிருப்புக்கும் இனி ஒரே நகர்மன்றம், ஒரே தண்ணீர்க் குழாய், ஒரே நூலகம். மாதக்கணக்கில் மேசையைக் குத்திப் பேசி முடித்த பிறகு, ஒரே ஒரு வரியில் வந்து எல்லாம் நின்றது. 'நடந்து முடிந்தவை குறித்து இரு தரப்பும் யாரையும் விசாரிக்கக் கோராது.' அதற்கு மட்டும் மாட்டேன் என்றாள் நோமாலங்கா.

அவள் சட்டம் படித்தவள். அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் வேறு யாருமில்லை. கறுப்பர் தரப்பில் ஒப்பந்தத்தை எழுதுவது அவள் வேலை. அவள் கையெழுத்து விழாமல் காகிதம் நகராது.

அவர்கள் தரப்புத் தலைவர் சிபாயா, பாதி ஆயுளைத் தீவுச் சிறையில் கழித்தவர், அவளை ஜன்னலோரம் தள்ளிக்கொண்டு போனார். குடியிருப்பில் வாரம் தவறாமல் பிணம் விழுகிறது, இன்றைக்கே கையெழுத்தானால்தான் அது நிற்கும் என்றார்.

"தோழர், செத்தவங்களுக்கு ஓட்டு கிடையாது. இருக்கிறவங்களப் பாரு."

"எங்க வீட்டுல இருக்கிறதே செத்தவன்தான் தோழர்."

அது பேச்சுக்குச் சொன்னதல்ல. அவள் அண்ணன் முஸியை அவசரநிலைக் காலத்தில் போலீஸ் கொண்டுபோனது. பாலத்தில் வண்டி நின்றபோது ஆற்றில் குதித்துவிட்டான், உடல் கிடைக்கவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். வெளியே உயிர் போனவனை அங்கேயே அலைய விட முடியுமா? அம்மா இலந்தைக் கிளை ஒன்றை ஒடித்துக்கொண்டு பாலத்துக்குப் போனாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு அவனைக் கிளையில் ஏற்றிக்கொண்டாள். வழியில் வேறு யாரிடமும் வாய் திறக்கவில்லை. டாக்ஸியில் அவனுக்கும் ஓர் இடத்துக்குக் காசு கொடுத்து, திருப்பம் வருகிறது, கோவில் வருகிறது என்று அவனுக்கு மட்டும் சொல்லிக்கொண்டே வீடு சேர்த்தாள்.

வந்தவன் அடங்கவில்லை. அம்மாவின் கனவில் வாசலுக்கு வெளியே முதுகைக் காட்டி நிற்கிறான். விருந்தாளி மாதிரி மெதுவாகத் தண்ணீர் கேட்கிறான். முஸி கேட்டு வாங்கிக் குடிக்கிற ஆளா? கோபமாக இருக்கிறான் போல என்று அம்மா ஆடு அறுத்தாள், சோளப் பீர் காய்ச்சிப் படைத்தாள். நோமாலங்காவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனாலும் அவள் பரீட்சைக்குப் படிக்கையில், பட்டப்பகலில் தண்ணீர் வாளியின் மூடி தானாக நகரும். அவள் தலையை நிமிர்த்தாமலே படித்துப் பாஸானாள்.

வெள்ளையர் தரப்பில் பாதுகாப்பு ஆலோசகன் என்று ஒருவன் உட்கார்ந்திருந்தான். பெயர் ஃபூரி. முஸியைக் கொண்டுபோன வண்டியின் முன்னிருக்கையில் இருந்தவன் அவன்தான். தேநீர் வேளையில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

"உனக்குக் கேஸ் வேணுமா, எடம் வேணுமா? ரெண்டும் கெடைக்காது."

"எந்த எடம்?"

"உங்கண்ணனப் பொதச்ச எடம். பாலம்கிறது சும்மா சொன்னது."

அந்தக் கோப்பையைப் பிடுங்கி அவன் மூஞ்சியில் ஊற்றியிருக்க வேண்டும். ஊற்றவில்லை. கேஸ் போட்டால் சாட்சி சொல்ல எவன் வருவான்? உள்ளே போய்க் கையெழுத்தைப் போட்டாள். எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். கைதட்டலுக்கு நடுவே ஃபூரி அவள் கையைக் குலுக்குகிற சாக்கில் குனிந்து சொன்னான். சீகைத் தோப்புக்கு அந்தப் பக்கம் பாழடைந்த பண்ணை. பால் கறக்கும் கொட்டகைக்குப் பின்னால்.

"அப்போ பாலத்துல?"

"அங்க வேற பையன்."

"யாரு அவன்?"

கையை உருவிக்கொண்டான். "அதக் கேக்க மாட்டோம்னுதானம்மா இப்பக் கையெழுத்துப் போட்ட."

அம்மாவிடம் சொன்னபோது அவள் அழவில்லை. வாளியைத் திரும்பிப் பார்த்தாள். அதான் தண்ணி கேட்டிருக்கான், பாவம், நம்ம வீட்டுல அவனுக்கு உரிமை இல்லன்னு நெனச்சுட்டான் என்றாள். அவனைப் பாலத்திலேயே கொண்டுபோய் விட்டுவிட்டு முஸியை அழைத்து வரலாம் என்றாள் நோமாலங்கா.

"எவ பெத்த புள்ளையோ. திரும்ப ஆத்துல விடச் சொல்ற. இதுக்குத்தான் படிச்சியாடி?"

கையெழுத்துப் போட்டதைப் பற்றி நோமாலங்கா மூச்சு விடவில்லை.

சனிக்கிழமை பண்ணைக்குப் போனார்கள். கூரையில்லாத கொட்டகை, பின்னால் முழங்கால் உயரத்துக்குக் களை. அம்மா கிளையை மண்ணில் தொட்டு, கணீரென்று பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பிறகு கிளை கனத்துவிட்டதுபோல இரண்டு கையாலும் தூக்கினாள்.

டாக்ஸியில் இருவருக்கும் நடுவே ஓர் இடம் காலியாக இருந்தது. டிரைவர் அதைப் பார்த்துவிட்டு ரேடியோவை நிறுத்தினான். அம்மா கிளையிடம் பேசிக்கொண்டே வந்தாள். தோப்பு முடியுது முஸி. மேடு வருது, புடிச்சுக்கோ. ஊர் எல்லை வந்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

"வீட்டுல ஒரு பையன் இருக்கான்யா. நாந்தான் கூட்டியாந்தேன். உம்பேரச் சொல்லியே கூப்பிட்டுட்டு இருந்தேன், கோச்சுக்காத. கொஞ்ச நாளுதான். உந்தங்கச்சி பெரிய படிப்பு படிச்சவ. அவனோட பேரு என்னன்னு அவ கேட்டுட்டு வந்து சொல்லிருவா."

கையெழுத்துப் போட்டதைச் சொல்ல நோமாலங்கா வாயைத் திறந்தாள். கிளையைப் பிடித்திருப்பவளிடம் யாரும் பேசக் கூடாது.