அண்ணன் பாடிப்போன மூச்சு

மூச்சை இழுங்க, விடுங்க, இழுத்துப் பிடிங்க என்று காதில் மாட்டிய கருவிக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் சொல்கிறது, நானும் பிடிக்கிறேன், வெள்ளைக் குழாய் என்னை விலாவோடு கட்டிக்கொண்டு தடதடவென்று இடிக்கிறது, நாலு படி ஏறினால் இரைக்கிறது, பாதம் வீங்குகிறது, இதயம் ரத்தத்தைத் தள்ளத் திணறுகிறது, ஏனென்று எம்ஆர்ஐ எடுத்தால்தான் தெரியும் என்று டாக்டர் படுக்க வைத்திருக்கிறார், மூச்சைப் பிடிப்பது எங்கள் வீட்டுக்குப் புதிதா என்ன, சுடலைமணி அண்ணன் கபடி கபடி என்று ஒரே மூச்சில் பாடிப்போனால் எதிரணி மூலையில் போய் ஒண்டும், கோயில் கொடைத் திருவிழாவன்று பொட்டலில் பாடிப்போகிறான், நான் பாவாடையில் கடலையை முடிந்துகொண்டு முன்னால் நிற்கிறேன், எதிரணி ஆறுமுகநயினார் பின்னாலிருந்து அவன் நெஞ்சைச் சேர்த்துக் கட்டிப்பிடித்துக் கத்துகிறான், பாட்டு நிற்கிறது, அண்ணன் அந்தக் கைகளுக்குள்ளேயே தொங்குகிறான், அமுக்கிக் கொன்னுட்டானே பாவி என்று அம்மா அவன் வாசலில் மண்ணை வாரித் தூற்றினாள், ஊரும் அதையே சொன்னது, பம்பாய்க்கு ஓடினவன் தன் தாய் செத்ததற்குக்கூட வரவில்லை, விடுங்க, மூச்சை விடுங்க.

திரையில் என் இதயத்தைக் காட்டுகிறார் டாக்டர், சாம்பல் நிறத்தில் தொளதொளத்துத் துடிக்கிறது, தசைக்குள் வெள்ளைக் கீற்றாய் ஒரு தழும்பு, அடைப்பால் வந்ததாகத் தெரியவில்லை, பரம்பரையாய் வருவது போலிருக்கிறது என்கிறார், ஒங்க குடும்பத்துல சின்ன வயசுல திடீர்னு யாராச்சும் இறந்திருக்காங்களாம்மா, அப்படி யாருமில்ல டாக்டர், எங்க அண்ணன ஒருத்தன் கொன்னுட்டான், சொல்லி வாய் மூடுமுன் அந்தக் குரல் கேட்கிறது, ஐயோ, அன்றைக்கு ஆறுமுகநயினார் என்ன கத்தினான், ஊர் போட்ட கூச்சலில் யார் காதிலும் விழாதது என் காதில் விழுந்ததே, ஏலே மணி, பாட்ட நிறுத்துலே, மூச்ச விடுலே, கொல்லுகிறவனா அப்படிக் கெஞ்சுவான், பிள்ளைங்க இருக்காங்களாம்மா, அவங்களையும் பாத்துடணும் என்கிறார் டாக்டர், நான் திரும்பிப் பார்க்கிறேன், கதவோரம் நிரஞ்சனா, என் ஒரே மகள், கல்லூரிக் கபடி அணிச் சட்டையோடு நிற்கிறாள், காலையில் என்னைக் கைத்தாங்கலாய் மாடிக்கு ஏற்றியவள் பாதிப் படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயால் மூச்சு வாங்கினாள், என்னட்டி என்றேன், ஒண்ணுமில்லம்மா, நீ மெல்ல வா என்றாள், எனக்காக நிற்கிறாள் என்றல்லவா நினைத்தேன்.

இப்போது நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், வெள்ளைக் குழாய்க்கு வெளியே நிரஞ்சனாவின் பாதங்கள் மட்டும் தெரிகின்றன, மூச்சை இழுங்க, விடுங்க, இழுத்துப் பிடிங்க என்று அந்தப் பெண் மைக்கில் சொல்கிறாள், நானும் கூடவே பிடிக்கிறேன், எனக்கு முடியவில்லை, விட்டுவிட்டேன், என் மகள் அவள் மாமனைப் போல நெடுமூச்சுக்காரி, இன்னும் பிடித்துக்கொண்டே இருக்கிறாள், போதும், ஏட்டி, மூச்ச விடுட்டி என்று கண்ணாடியில் அடித்துக் கத்துகிறேன், ஆறுமுகநயினார் கத்தியதும் இப்படித்தான், உள்ளே அவளுக்குக் கேட்கவில்லை.