மூன்றாவது விசில்

இரண்டு விசில் வந்துவிட்டது. கடைசியாக ஏறிய அம்மாள்கூட இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டாள். வண்டி மட்டும் நகரவில்லை. டிரைவர் பக்கக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். பின்படியில் நின்ற கண்டக்டர் பெருமூச்சு விட்டுக் குனிந்து, சக்கரத்தின் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, இன்னொரு விசில் ஊதினான். அதற்கப்புறம்தான் பஸ் கிளம்பியது.

ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போ. பஸ் ஓட்டுகிறவர்களுக்கு இவ்வளவுதான் பாஷை. மூன்று என்று ஒன்று கிடையவே கிடையாது. அது இவர்கள் இருவருக்குள் மட்டும் உள்ள ஏற்பாடு. 'சக்கரத்துக்குப் பக்கத்தில் யாரும் இல்லை, என் கண்ணாலேயே பார்த்துவிட்டேன், போடா' என்று அதற்கு அர்த்தம்.

டிப்போவில் டிரைவருக்கு நிதானம் என்றுதான் பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பள நாளன்றுதான் வெளியே வரும். அவன் ஓட்டும் வண்டியில் நின்றுகொண்டே தூங்கலாம் என்பார்கள். கண்டக்டருக்கு வெண்கலம். அவன் 'டிக்கெட்' என்று ஒரு குரல் கொடுத்தால் எதிரே வரும் பஸ்ஸில் இருப்பவர்கள்கூடச் சில்லறை தேடுவார்கள். இருவரும் வெகுகாலமாக ஒரே வண்டி, ஒரு டீயை இரண்டாக்கிக் குடிக்கிற சிநேகம்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்தப் பேச்சு கிளம்பும்வரை. பாதி ரூட்டை நிறுத்தப் போகிறார்களாம், டிப்போவையே வேறு கம்பெனிக்குக் கைமாற்றப் போகிறார்களாம், ஆளைக் குறைக்கச் சாக்குத் தேடுகிறார்களாம். எல்லாமே 'ஆம்'தான், எதுவும் உறுதி இல்லை. உறுதியாகத் தெரிந்திருந்தால் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதுவிட்டு வேறு வேலையாவது பார்த்திருப்பார்கள். போதாக்குறைக்கு, இன்னொரு டிரைவர் ஒரு பைக்கை லேசாக உரசிவிட்டான். யாருக்கும் நகக்கீறல்கூட இல்லை. மறுநாள் காலையில் அவனிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவன் டிப்போ வாசலில் சீருடையோடு நின்ற கோலத்தைப் பார்த்ததும் நிதானம் தன் வண்டிச் சாவியைச் சட்டைப்பைக்குள் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

அந்த வாரம்தான் பாலத்தைத் தாண்டிய வளைவில் பின்சக்கரம் எதன்மீதோ 'தடக்'கென்று ஏறி இறங்கியது. கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. ஷிப்ட் முடிந்ததும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தான். நனைந்த சாக்கு ஒன்று நசுங்கிக் கிடந்தது. அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் வீட்டுக்குப் போய்க் கைகால் கழுவும்வரைதான் தங்கியது. சாக்கு சரி. ஆனால் சத்தம் கேட்டது சாக்கின்மேல் ஏறும்போதுதானா? அதற்கு முன்னால் வேறு யாராவது? விழுந்தவரை யாராவது தூக்கிக்கொண்டு போயிருந்தால்?

அன்றிலிருந்து ஒவ்வொரு பள்ளமும் ஒரு மனுஷன், ஒவ்வொரு கல்லும் ஒரு குழந்தை. "மாப்ள, அந்த வளைவுல ஒண்ணும் இல்லல்ல?" என்று வெண்கலத்திடம் கேட்பான். "ஒண்ணும் இல்லடா" என்பான் அவன். அடுத்த நிறுத்தத்துக்குள் அந்தப் பதில் கரைந்துபோகும், மறுபடி கேட்பான். தொல்லை தாங்காமலும் பாவம் பார்த்தும் வெண்கலம் கண்டுபிடித்ததுதான் அந்த மூன்றாவது விசில். முதல் நாள் அது மருந்து மாதிரி வேலை செய்தது. நிதானம் ஒரு வாரம் நன்றாகத் தூங்கினான். பிறகு மூன்றாவது விசில் கொஞ்சம் மெதுவாகக் கேட்டாலே சந்தேகம் வந்தது. சரியாகக் குனிந்து பார்த்தானா, சும்மா ஊதிவிட்டானா?

சாயங்காலம் ஆனால் ஸ்கூட்டர் அந்த வளைவுக்குக் கிளம்பிவிடும். மனைவியிடம் டயருக்குக் காற்றுப் பிடிக்கப் போவதாகச் சொல்வான். அவள் ஒரு சலவைக் கடையில் நாள் முழுக்க இஸ்திரி போடுகிறவள். வாயில் சொல் தங்காது.

"ஏங்க, அது டயரா, பலூனா? தினம் காத்து கேக்குது. அந்த ரோட்டுல யாராவது இருக்காளா? இருந்தா சொல்லிடுங்க, நானும் ஒரு தடவை பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஒருநாள் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

வளைவு வந்ததும் அவன் இறங்கினான். ரோட்டில் எண்ணெய்க்கறை ஒன்று இருந்தது. குத்துக்காலிட்டு அதை விரலால் தொட்டான், முகர்ந்து பார்த்தான். சாக்கடையில் எட்டிப் பார்த்தான். மறுபடி கறைக்கு வந்தான். அவள் முதலில் சிரித்தாள். இரண்டாம் முறை அவன் விரலை மூக்கருகே கொண்டுபோனபோது சிரிப்பு நின்றுவிட்டது. வேறு ஒருத்தி இருந்திருந்தால்கூடத் தேவலையே என்று அவளுக்குத் தோன்றியது. சண்டையாவது போடலாம்.

"என்னங்க தேடறீங்க?"

"ரத்தம்" என்றான் அவன்.

அவள் அவன் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். "நீங்க யாரையும் ஏத்தலைங்க. ஏத்தியிருந்தா இந்நேரம் ஊரே சொல்லியிருக்கும்" என்றாள். அவன் முகம் தெளிந்தது. அப்புறம் தினமும் படுக்கப் போகுமுன் அதே வாக்கியத்தை அவள் வாயால் கேட்டுவிட்டுத்தான் படுத்தான். சில நாள் அவள் தூக்கக் கலக்கத்தில் ஒரு வார்த்தையை மாற்றிச் சொல்லிவிட்டால் எழுப்பித் திரும்பச் சொல்லச் சொன்னான்.

"டாக்டரைப் பார்க்கலாங்க" என்றால், "பார்த்தா மனசு சரியில்லன்னு எழுதிக் குடுப்பான். அவங்களுக்கு அது போதும். சாவியைக் கேப்பாங்க" என்பான். அவளுக்கும் அந்தப் பயம்தான்.

இப்படி இருக்கும்போதுதான் வெண்கலத்துக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். கன்னம் வீங்கி விசிலை வாயில் வைக்க முடியாமல் லீவு போட்டுவிட்டான். அவனுக்குப் பதிலாக வந்த கண்டக்டர் சுறுசுறுப்பான ஆள். சந்தை நிறுத்தத்தில் கூட்டத்தை ஏற்றி முடித்து, டக் டக்கென்று இரண்டு விசில் கொடுத்தான்.

நிதானம் காத்திருந்தான்.

மறுபடி இரண்டு விசில். பின்னால் ஹாரன்கள் அலறத் தொடங்கின. "அண்ணே, ரைட்டு!" என்று கண்டக்டர் கத்தினான். "டிரைவர் தூங்கிட்டாரா?" என்று யாரோ கேட்க, நாலு பேர் சிரித்தார்கள். நிதானத்துக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அடியில் யாரோ இருக்கிறார்கள். இல்லையென்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும், இருக்கிறார்கள். அவன் இறங்கிப் போய் ரோட்டில் மண்டியிட்டு வண்டிக்கு அடியில் பார்த்தான். ஒன்றும் இல்லை. ஏறி உட்கார்ந்தான். அந்தப் பக்கச் சக்கரத்தைப் பார்த்தோமா? மறுபடி இறங்கினான். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ஜன்னலோரம் இருந்த ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவசரமாக இறங்கி நடந்தாள். அவள் தன்னைப் பார்த்துத்தான் பயந்தாள் என்பது அவனுக்குப் புரிந்தது.

கடைசியில் பின்னால் வந்த பஸ்ஸின் டிரைவர்தான் வந்து அவன் தோளைப் பிடித்து நடைபாதையில் உட்காரவைத்தான். டிப்போவிலிருந்து வேறு ஆள் வந்து வண்டியை எடுத்துப்போனான். மத்தியானத்துக்குள் டிப்போ முழுக்கத் தெரிந்துவிட்டது.

சாயங்காலம் வெண்கலம் வீட்டுக்கு வந்தான். ஒரு கன்னம் பந்தாக வீங்கியிருந்தது. அந்தக் குரலா இது என்று கேட்கும்படி மெல்லப் பேசினான்.

"என் தப்பு மாப்ள. உனக்கு நல்லது பண்றேன்னு நெனச்சு ஊதிட்டேன். நான் ஊத ஊத உன் பயத்துக்குத் தீனி போட்ட மாதிரி ஆயிடுச்சு. பல்லு வலிக்குப் போன ஆஸ்பத்திரியில மனசுக்குப் பார்க்கற டாக்டரம்மா ஒருத்தங்க இருக்காங்க. கேட்டுட்டு வந்தேன். இந்த மாதிரி நிறைய பேர் வராங்களாம். காலையில போ."

"போனா வண்டி திரும்பத் தருவாங்களாடா?"

பொய் சொல்ல வெண்கலத்துக்கு ஒரு நிமிஷம் ஆகாது. அவன் வீங்கிய கன்னத்தைத் தடவிக்கொண்டே தரையைப் பார்த்தான்.

"தெரியல மாப்ள" என்றான்.

நிதானம் வாய்விட்டு அழுதான். இத்தனை மாதத்தில் அவன் அழுதது அதுதான் முதல் தடவை. அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, "இன்னிக்கு அந்தச் சந்தையில... அடியில ஒண்ணும் இல்லல்ல?" என்று கேட்டான். மனைவி வாயைத் திறந்தாள். வெண்கலம் அவளைப் பார்த்து, சொல்லாதே என்று தலையை ஆட்டினான். திறந்த வாயை அவள் மூடிக்கொண்டாள்.

காலையில் ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில்தான் போனார்கள். பின்சக்கரத்துக்கு நேர்மேலே இடம் கிடைத்தது. அடுத்த நிறுத்தத்துக்கு வண்டி ஒதுங்கும்போது காலுக்கடியில் 'தடக்'கென்று ஒரு குலுக்கல். அவன் கழுத்து தானாகத் திரும்பியது. பாதி திரும்பி மனைவியின் முகத்தில் வந்து நின்றது. அவள் அவன் கையைப் பிடித்திருந்தாள். கண்ணில் நீர் தளும்ப, உதட்டை இறுகக் கடித்துக்கொண்டு நேராக முன்னால் பார்த்தாள்.

ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். கண்டக்டர் ஊதினான். ஒன்று. இரண்டு.

முன்சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்த நிதானத்தின் விரல்கள் வெளுத்துப்போயின. அங்கே இல்லாத பிரேக்கைத் தேடி வலது கால் தரையை மிதித்தது. பஸ் மெல்ல நகர்ந்தது.