லிஃப்ட்டுக்குள் ஒரு சண்டை

செய்தியை முதலில் பார்த்தது என் வீட்டுக்காரர்தான். காலையில் பல்கூடத் தேய்க்காமல் போனை நோண்டிக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏய், உங்க கம்பெனி நியூஸ்ல வந்திருக்கு. குரலை வச்சே கோபத்தைக் கண்டுபிடிக்கிற சாஃப்ட்வேராம். இன்னையிலேருந்து போடுறாங்களாம். நம்ம வீட்டுக்கும் ஒண்ணு வாங்கலாமா?"

"எதுக்கு? எனக்குக் கோபம் வந்தா இந்தத் தெருவுக்கே தெரியும்," என்றேன்.

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனைப் பிடுங்கி நானே படித்தேன். இனிமையாகப் பேசினால் வாடிக்கையாளருக்குப் பதற்றமே வராதாம். இதை எழுதிய ஆள் நின்றுபோன லிஃப்ட்டுக்குள் ஒரு நாளாவது இருந்திருப்பாரா?

என் வேலையே அதுதான். லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால், உள்ளே இருப்பவர் அவசரப் பொத்தானை அமுக்குவார். எங்கள் அறையில் மணி அடிக்கும். மெக்கானிக்கை அனுப்பிவிட்டு, அவர் போய்ச் சேரும்வரை உள்ளே இருப்பவரிடம் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். இனிமையாகப் பேசி நானும் பார்த்துவிட்டேன். "பயப்படாதீங்க" என்று சொல்லச் சொல்லத்தான் பயம் ஏறும். அதனால் நான் சண்டை இழுப்பேன். ரொம்ப மூச்சு வாங்குகிற ஆள் வந்தால் "சண்டைக்காரி, இது உனக்கு" என்று மற்றவர்கள் என் பக்கம் தள்ளிவிடுவார்கள். "யார்கிட்ட பேசறேன்னு தெரியுமா உனக்கு?" என்று உள்ளே இருப்பவர் கேட்டுவிட்டால் போதும், மூச்சு திரும்பிவிட்டது என்று அர்த்தம்.

அன்று சாப்பாட்டு நேரத்துக்குள்ளேயே என் திரை பலமுறை சிவந்துவிட்டது. என் குரலில் கோபம் என்றால் சிவப்பு, இனிமை என்றால் பச்சை. சூப்பர்வைசர் வந்து நின்றார். கெட்டவர் இல்லை. மேலே சொல்வதை அப்படியே கீழே இறக்குகிறவர்.

"அக்கா, இன்னும் ஒரு தடவை சிவந்தா உங்க சீட் போயிடும். என் கையில ஒண்ணும் இல்லை. திரையில வர்றதை மட்டும் படிங்களேன்."

"பயந்தவங்களுக்கு அது உதவாது தம்பி."

"உதவுதோ இல்லையோ, பச்சையா இருக்கும்."

அவர் நகர்வதற்குள் மணி அடித்தது. இரண்டாவது மாடிக்குப் போகிற லிஃப்ட்டில் ஒரு பெரியவர். பேச்சே வரவில்லை, மூச்சுதான் இழுத்துக்கொண்டிருந்தது. மெக்கானிக்கை விரட்டினேன். 'உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது' என்று திரை எடுத்துக் கொடுத்தது. பிழைப்பு போய்விடக் கூடாதே என்று அதை அப்படியே படித்தேன்.

"காத்து... காத்தே இல்லம்மா. செத்துடுவேன்."

திரை பச்சைப்பசேலென்று இருந்தது. போதும்டா சாமி என்று ஆகிவிட்டது எனக்கு.

"ரெண்டு மாடி ஏற லிஃப்ட் கேக்குதா உங்களுக்கு? கால் எதுக்கு இருக்கு, செருப்பு மாட்டவா?"

திரை சிவந்தது.

"என்ன... என்ன சொன்னே?"

"காத்து வரத்தான் மேல ஓட்டை வச்சிருக்கு. நிமிர்ந்து பாருங்க."

"நான் கோர்ட்டுல... வாதாடுறவன்..."

"ஜெயிச்சீங்களா?"

"யார்கிட்ட பேசறேன்னு தெரியுமா உனக்கு?"

ஒரே மூச்சில் கேட்டார். எனக்கு உயிர் வந்தது. ஆனால் சூப்பர்வைசரின் கை, அழைப்பை இயந்திரக் குரலுக்கு மாற்றும் பொத்தானுக்குப் போய்விட்டது. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"விடுங்கக்கா. நாளைக்கு உங்களுக்கு சீட் இருக்காது."

"நாளைக்குத்தானே? இவர் இப்ப உள்ள இருக்கார்."

வக்கீல் சட்டம் பேசினார். நான் குறுக்கே பேசினேன். அவர் கத்தினார், நானும் விடவில்லை. கடைசியில் கதவு திறக்கும் சத்தமும் மெக்கானிக்கின் குரலும் கேட்டன. வெளியே போன மனிதர், என்னைத் திட்டுவதற்காகவே திரும்ப உள்ளே தலையை நீட்டினார் போல, குரல் பக்கத்தில் கேட்டது.

"உன்னைச் சும்மா விடமாட்டேன். உன் வேலையைப் பறிச்சிட்டுத்தான் மறுவேலை."

சூப்பர்வைசர் என் காதருகே குனிந்தார். "ஒரே ஒரு மன்னிப்பு கேட்டுடுங்க. அதை வச்சு மேல பேசிப் பார்க்கறேன்."

எனக்கு இந்த வேலை வேண்டும். இதைத் தவிர வேறு எந்த வேலையும் எனக்குப் பிடித்ததில்லை. மன்னிப்பு நாக்கு நுனிவரை வந்தது. எதற்கு மன்னிப்பு? அந்த ஆளை மூச்சு விட வைத்ததற்கா?

"சார், இப்ப மூச்சு சீரா இருக்கா?"

அவர் ஒரு மூச்சு இழுத்து விட்டுப் பார்ப்பது கேட்டது.

"இருக்கு," என்றார்.

"அப்ப புகார் கொடுங்க. நல்லா சத்தமா கொடுங்க."

இணைப்பைத் துண்டித்தேன். சூப்பர்வைசர் பெருமூச்சு விட்டு, என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டைக்காகக் கையை நீட்டினார். மறுபடி மணி அடித்தது.

"இதை முடிச்சிட்டுத் தர்றேன்," என்று சொல்லி எடுத்தேன்.