உறிஞ்சும் பக்கம்

லோசலினி இஞ்சின் அறைத் தளத்தில் குப்புறப் படுத்து, இஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்பின் வாயில் இருந்த வளைந்த பித்தளைக் குழாயை, எல்போவை, விரலால் தடவிக்கொண்டிருந்தாள். மேலே, சவுசவு துறைமேடையில், முதலாளி விலிகேசாவின் குரல் இன்னும் ஓயவில்லை.

"பொம்பளை கையில இஞ்சினக் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும். போன வாரம் மாட்டுன எல்போ. ஒரு வாரம்கூடத் தாங்கல."

மூட்டைகளின் மேல் உட்கார்ந்து ஊர் திரும்பக் காத்திருந்த கோரோ தீவுக்காரர்கள் யாரும் மறுத்துப் பேசவில்லை. நேற்று இந்தப் படகில்தான் அவர்கள் இஞ்சின் சூடேறி நின்று, ஐந்து மணி நேரம் வெயிலில் மிதந்தார்கள். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி வந்துகொண்டிருந்த செருவாயா தார்ப்பாய் நிழலில் பிள்ளை பெற்றாள். பிள்ளை பிழைத்தது. தாய்க்கு இன்னும் இரத்தம் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். காலையில் பார்க்கப் போன லோசலினியை செருவாயாவின் அம்மா வாசலிலேயே நிறுத்தி, "இப்ப வராத மகளே" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை.

ராத்திரி முழுக்கத் தன் கைகளையே சந்தேகப்பட்டுக் கிடந்தாள். எல்போவின் மரையில் டேப்பை இன்னும் ஒரு சுற்று சுற்றியிருக்க வேண்டுமோ, பசை காய்வதற்கு முன் அவசரப்பட்டுவிட்டோமோ என்று. இப்போது ஸ்பானரை வைத்துத் திருப்பியதும் எல்போ அழுத்தமே இல்லாமல் கழன்று வந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வெள்ளை டேப் மரைக்கு எதிர்த்திசையில் சுற்றப்பட்டிருந்தது. முடுக்க முடுக்க அவிழ்ந்து, கிழிந்து, நாராகத் தொங்கியது. பசை ஒரு பொட்டுகூட இல்லை. மரையின் முனைகள் மழுங்கி, பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. போன வாரம் அவளே கழற்றிப் பழைய இரும்பு டப்பாவில் எறிந்த எல்போ இது.

அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஏணிப் பக்கம் திரும்பினாள்.

படகோட்டி அபகுகி ஏணியில் பாதி இறங்கி நின்றான். அவள் தாய்மாமன் மகன். அவளைக் கண்டாலே, "என்னைக் கட்டியிருந்தா இப்படிக் கிரீஸ் பூசிக்கிட்டுத் திரியணுமா" என்று கேட்காமல் போகாதவன். இன்றைக்கு அவன் முகத்தில் கேலி இல்லை.

"இது யாரு மாட்டினது மச்சான்?"

அவன் ஏணிப்படியைச் சுரண்டினான். "மெதுவாப் பேசு லோசா."

"யாருன்னு கேட்டேன்."

"நான்தான். முதலாளியோட மீன்பிடி படகுல எல்போ விண்டுபோச்சு. புதுசு வரப் பத்து நாளாகும்னாங்க. இதைக் கழட்டி அதுல மாட்டு, இதுக்குப் பழசு போதும்னாரு. ஒரு சொட்டுகூட ஒழுகல. நான் பாத்துட்டுத்தான் எடுத்தேன்."

"உறிஞ்சுற பக்கம் எப்படி மச்சான் ஒழுகும்? அது வெளியில இருந்து காத்தைத்தான் இழுக்கும். தண்ணிக்குப் பதிலா காத்தைக் குடிச்சா இஞ்சின் வேகாம என்ன செய்யும்?"

"எனக்கு அது தெரியாது."

"தெரியாதது தப்பில்ல. அவரு ஊரைக் கூட்டி என் பேரை இழுக்குறப்ப பக்கத்துல நின்னியே."

"நாலு பிள்ளை இருக்கு லோசா. வேற யாரு எனக்குப் படகு குடுப்பா?"

அவள் ஸ்பானருடன் மேலேறி, பக்கத்தில் கட்டியிருந்த மீன்பிடி படகுக்குத் தாண்டினாள். அதன் கடல்நீர் வால்வை மூடிவிட்டு எல்போவைக் கழற்றத் தொடங்கினாள்.

"ஏய், அதுல ஏன் கை வைக்கிற?" என்றார் விலிகேசா துறைமேடையிலிருந்து.

"போன வாரம் நான் மாட்டுனதை எடுக்கிறேன் முதலாளி. உங்க ஓட்டைப் படகுல இருக்கு."

விலிகேசா சுற்றி இருந்தவர்களைப் பார்த்தார். பின்பு, "ஏதோ உளறுறா" என்று சிரித்தார். கூடச் சிரிக்க ஓரிருவர் இருந்தார்கள்.

திரும்பி வந்து அந்த எல்போவின் மரையைக் கம்பித் தூரிகையால் தேய்த்தாள். துணியால் துடைத்தாள். முதல் மரையை வெறுமையாக விட்டு, முடுக்கும் திசையிலேயே டேப்பை இழுத்துப் பிடித்து மூன்று சுற்று. மேலே பசையை மெல்லியதாக. கை முடுக்குக்குப் பிறகு, பம்பின் உடல் விரிசல் விடாதபடி ஒரு கையால் தாங்கிக்கொண்டு, ஸ்பானரால் ஒன்றரைச் சுற்று. கோபம் இருந்தும் கை வேலையில் பிசகவில்லை. அதுவே அவளுக்கு இன்னும் கோபத்தைத் தந்தது. இத்தனை ஒழுங்காகச் செய்கிற கையை ஒரே நாளில் பொய்யாக்கிவிட முடிகிறதே.

பசை இறுகும் நேரம் போனது. அபகுகி படியிலேயே இருந்தான்.

"தயாராயிடுச்சு," என்றாள். "இஞ்சினை அப்புறம் போடு. முதல்ல மேல போயி நீ சொல்லணும். எல்லார் முன்னாடியும், செருவாயா அம்மா காதுக்கும் போற மாதிரி. அதுவரைக்கும் இந்தக் கடல்தண்ணி வால்வைத் திறக்கமாட்டேன், படகு கிளம்பாது."

"முதலாளி என்னை விரட்டிடுவாரு."

"விரட்டலாம். அந்தப் பிள்ளை பிறந்த இடம் உனக்கு ஞாபகம் இருக்குல்ல?"

அவன் மேலே போனான். லோசலினி வால்வின் கைப்பிடியைப் பிடித்தபடி கூரைத் திறப்பைப் பார்த்துக் கிடந்தாள். அங்கே அவன் வெறும் பாதங்கள் மட்டும் தெரிந்தன. விரல்கள் பலகையை இறுகக் கவ்வியிருந்தன. துறைமேடையில் யாரோ இருமினார்கள். பிறகு பேச்சு ஒவ்வொன்றாக அடங்கியது. வலது பாதம் பலகையை விட்டு எழும்பி, துறைமேடைப் பக்கமாக, காற்றில் ஒரு கணம் நின்று, தாண்டிப் போனது. "பழச மாட்டினது நான்தான்," என்று அபகுகியின் குரல் மேலே கேட்டது.