அன்பரசியின் கைகள் வரும் நேரம்

அன்பரசி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன மூன்றாம் மாதம், அவளுடைய இரண்டு கைகள் மட்டும் திருவிடந்தை வீட்டுச் சமையலறை ஜன்னல் வழியாக வர ஆரம்பித்தன. காலை ஆறரைக்கு வரும், மகளுக்குத் தலை வாரும், ஏழுக்குப் போய்விடும். ஜன்னலில் விசா கேட்க ஆபீசர் எவனும் இல்லை. குவைத்தில் அப்போது விடியாத நாலு மணி. எஜமானி வீடு தூங்கும். அன்பரசி முழங்கைக்குக் கீழே ஒன்றுமில்லாமல் கட்டிலில் உட்கார்ந்திருப்பாள். அவள் நம்பியது விரல் சொன்னதை மட்டும்தான். போனில் எல்லோரும் "நல்லாகீறோம்" என்று பொய் சொல்வார்கள். மகள் ஜெயப்பிரியாவின் காய்ச்சல் நெற்றியில் தெரிந்தது. புருஷன் ஸ்டான்லி தோசை ஊற்றப் பழகிக்கொண்டது அவன் விரலில் இருந்த சூட்டுத் தழும்பில் தெரிந்தது. ஆறு வருஷம் போனது. மகளின் ஜடை இடுப்புக்கு இறங்கியது. ஸ்டான்லி பள்ளிக்கூட நேரம் பார்த்துத்தான் கேளம்பாக்கத்துக்கு ஷேர் ஆட்டோ ஓட்டினான். "இன்னா அண்ணாத்த, மாவு அரைச்சாச்சா?" என்று டீக்கடையில் நக்கலடித்தவர்கள், பிறகு அவனிடமே சட்னிக்குப் பக்குவம் கேட்டார்கள்.

போன வருஷம் ஜெயப்பிரியா வயசுக்கு வந்தாள். செங்கல்பட்டிலிருந்து ஸ்டான்லியின் அக்கா செங்கம்மாள் வந்து இறங்கினாள். மஞ்சள் நீராட்டில் முதல் சொம்புத் தண்ணீரை எவள் ஊற்றுகிறாளோ, அந்தப் பெண் விஷயத்தில் அவள் பேச்சுதான் செல்லும். அவர்கள் குடும்ப வழக்கம் அது. தானே ஊற்றி, பெண்ணைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய், படிப்பை நிறுத்திவிடுவது செங்கம்மாளின் திட்டம். நீராட்டு அன்று காலை எழுந்ததும் ஜன்னலைச் சாத்திக் கொக்கி மாட்டினாள்.

குவைத்தில் அன்பரசியின் விரலில் மரம் இடித்தது. அவள் தட்டவில்லை, குத்தினாள். கொக்கி பெயர்ந்து விழுந்தது. கைகள் நீராட்டுப் பந்தலுக்குப் போய், செங்கம்மாள் தூக்கிய சொம்பைப் பிடித்துக்கொண்டன.

"கைய மட்டும் அனுப்பினா தாயாயிடுவியாடி?" என்று கத்தினாள் செங்கம்மாள்.

அக்கா எதிரில் வாயே திறக்காத ஸ்டான்லி எழுந்து வந்தான். "நீ முழுசாத்தான கீற? ஒரு நாளாவது அதுக்குத் தல வாரிக்கீறியா? சொம்ப வுடு."

அன்பரசிக்கு எதுவும் கேட்கவில்லை. தன் விரல்களுக்குப் பக்கத்தில் தழும்புள்ள விரல்கள் வந்து பிடிப்பது மட்டும் தெரிந்தது. ஆம்பிளை தொடக் கூடாத சொம்பு அது. செங்கம்மாள் தீட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

"ஊத்துங்க, குளுருது" என்றாள் மணையில் உட்கார்ந்திருந்த ஜெயப்பிரியா. இருவருமாக ஊற்றினார்கள். பார்த்தவர்கள் இட்லி சாப்பிடப் போனார்கள்.

குவைத்தில் எஜமானி அவள் கையில் இருந்த மஞ்சளைப் பார்த்து என்னவென்று கேட்டாள். மகள் பெரியவளாகிவிட்டாள் என்றாள் அன்பரசி. அந்தக் கையோடே டீ போட்டாள்.

வெள்ளிக்கிழமை அன்பரசியின் போன் வந்தது. "அவ காலேஜ் முடிக்கற வரைக்கும் நான் வரமாட்டேன்யா. இங்க வேலைக்கு மறுபடி கையெழுத்துப் போட்டுட்டேன். எவ கேட்டாலும் அப்டியே சொல்லு."

"சொல்றேன்" என்றான் ஸ்டான்லி. "நாளைக்கு ஸ்கூல் லீவு. அதுக்குப் பேன் பாக்கணும், கொஞ்சம் சீக்கிரமா வா."