வினாடிக்கு ஐம்பத்தாறு மீட்டர்

என் தம்பி பூவலிங்கம் இறந்த நான்காம் மாதம், என் இடது கைக்கு நோட்டீஸ் வந்தது. அவனே கொண்டுவந்து கொடுத்தான்.

கடைசி நாளன்று, வாயில் குழாயோடு கிடந்தவன் என் இடது கையைப் பிடித்து அழுத்தினான். நான் பதிலுக்கு அழுத்தவில்லை. கையை உருவிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது.

சர்க்கரை நோயில் கை மரத்துவிட்டது, அவன் அழுத்தியது தெரியவில்லை என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். அதற்கு ஆதாரமாக நோட்டீஸில் நரம்புச் சோதனை அறிக்கை கேட்டிருந்தார்கள். கோளாறு என்று வந்தால் கோப்பு மூடப்படும். நார்மல் என்று வந்தால், ஏன் பதிலுக்கு அழுத்தவில்லை என்று நான் விளக்கம் எழுத வேண்டும். இடம் போதாவிட்டால் தனித்தாள் இணைக்கலாம்.

துணைக்கு ஆள் இல்லாமல் சோதனை செய்ய மாட்டார்கள். பூவலிங்கம் வந்தான்.

சோதனை அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் என் கையைப் பற்றிக்கொண்டான். அவன் கை பிணவறைக் குளிரிலேயே இருந்தது.

"ஏம்லே?"

"கை குளுந்திருந்தா நரம்பு மெதுவா ஓடுமாம்ணே. வாசல்ல ஒருத்தரு சொன்னாரு. ஆட்டாம வச்சிரு."

ஆட்டாமல் வைத்திருந்தேன். எங்கள் முறை வரும்வரை நடைபாதை நீண்டுகொண்டே போனது. பெஞ்சும் நீண்டது. என்னை விடாமல் இருக்க அவன் தன் கையையும் நீட்ட வேண்டியிருந்தது.

சோதனை அறையில் ஜெசிந்தா என்ற டெக்னீஷியன் இருந்தார். என் கையைத் தொட்டதும் நிமிர்ந்தார்.

"யாரு இத குளிர வச்சது?"

நான் பூவலிங்கத்தைப் பார்த்தேன்.

"நான்தான் சிஸ்டர்," என்றான் பூவலிங்கம்.

"குளிருக்கு வர்ற கோளாற நாங்க சேத்துக்கிடுறதில்ல." வெந்நீர்ப் பையைக் கை மேல் வைத்தார். கை சூடானது. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

விரல்களில் வயர் சுற்றினார். டேப்பால் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை அளந்தார். ஷாக் கொடுத்தார். திரையில் ஓர் அலை எழுந்தது.

"அலை குட்டையா இருந்தா நரம்பிழை செத்திருக்கு. லேட்டா வந்தா மேலுறை தேஞ்சிருக்கு. ஒங்களுக்கு ரெண்டும் இல்ல. வினாடிக்கு அம்பத்தாறு மீட்டர். நார்மல்."

"பதினோரு வருசமா சுகர், சிஸ்டர்."

"சுகர் இருக்கட்டும். கை நல்லாருக்கு. ஒரு அமுக்கு ஒங்க தலைக்கு வந்து சேர, ஒரு வினாடிய அம்பதாப் பிரிச்சு அதுல ஒண்ணு போதும். " நோட்டீஸைப் பார்த்தார். "அன்னைக்கு டீக்கடைக்குப் போக எவ்வளவு நேரம் ஆச்சு?"

"ஆறு நிமிஷம்."

எழுதிக்கொண்டார். "ஒத்துப்பாக்க இன்னொரு கை வேணும்."

பூவலிங்கம் சட்டையை மடக்கிவிட்டான். மூன்று தடவை ஷாக் கொடுத்தார். திரையில் கோடு நேராகப் போனது.

"கோளாறுன்னா இது கோளாறு," என்றார் ஜெசிந்தா. அவர் குரலில் முதல் தடவையாக மரியாதை இருந்தது.

இரண்டு அறிக்கைகள் வந்தன. பூவலிங்கம் இரண்டையும் படித்தான். தன்னுடையதை என் பக்கம் தள்ளினான்.

"இத நீ வச்சுக்கிடுண்ணே. பேர மட்டும் மாத்திருவோம்."

"உனக்கு?"

"எனக்கு யாரு நோட்டீஸ் அனுப்பப் போறா?"

வேண்டாம் என்று சொல்ல நேரம் இருந்தது. ஒரு வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கை விட அதிக நேரம். நான் பேனாவைக் கொடுத்தேன்.

ஜெசிந்தா அடித்துத் திருத்திய பெயர்களைப் பார்த்தார். "மாத்துனா மாத்துனதுதான். கையும் பேப்பர்ல உள்ளபடிதான் இருக்கும்." இரண்டிலும் சீல் குத்தினார்.

என் இடது கை மடியில் விழுந்தது. அது அங்கே இருப்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கோப்பு மூடப்பட்டது.

பூவலிங்கம் தன் கையைத் திருப்பிப் பார்த்தான். ஆஸ்பத்திரியில் ஊசி ஏற்றிய இடங்களை ஒவ்வொன்றாகத் தொட்டான். அவன் முகம் சுருங்கியது.

"ண்ணே, வலிக்கு."

ஜெசிந்தா வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"ரொம்ப வலிக்குண்ணே. செத்த நேரம் என் கையப் பிடிச்சுக்கிடுதியா?"

அவனே என் கையை எடுத்துக்கொண்டான். அழுத்தியிருக்க வேண்டும். அவன் விரல் நுனிகள் வெளுத்திருந்தன.

நான் மற்ற கையால் என் பெயர் போட்ட அறிக்கையை விரித்து அவனிடம் காட்டினேன்.