முக்கால் அங்குலம்

மதராஸில் ஐந்து வருடம் சிற்பம் படித்துவிட்டு வந்த ஞானசம்பந்தத்துக்குத் திருப்பூரில் கிடைத்த வேலை, பனியன் மாட்டி வைக்கப் பொம்மை செய்வது. பொம்மைக்குத் தலை கிடையாது, கை கிடையாது, இடுப்புக்குக் கீழே ஒன்றுமே கிடையாது. "பனியனுக்கு எதுக்குங்க மூஞ்சி?" என்று கம்பெனி முதலாளி கியாசுதீன் முதல் நாளே கேட்டுவிட்டார். நியாயமான கேள்விதான். கம்பெனிக்குப் பின்புறம் ஒரு தகரக் கொட்டகை கொடுத்தார், மாதச் சம்பளம் கொடுத்தார். சிற்பி அதில் களிமண்ணும் பிளாஸ்டருமாகக் காலம் தள்ளினான்.

ஆறு வருடத்தில் பதினோரு பொம்மைகள் ஆயின. எல்லாம் ஒரே அச்சு. விரிந்த மார்பு, ஒட்டிய வயிறு, ரசமட்டம் வைத்துப் பார்த்ததுபோல் சமமான தோள். அப்படி ஓர் உடம்பை அவன் நொய்யல் கரையில் குளிக்கிற யாரிடத்திலும் பார்த்ததில்லை. இடையில் மதராஸ் கண்காட்சிக்கு இரண்டு முறை சிற்பம் அனுப்பினான். இரண்டும் போன வேகத்தில் திரும்பி வந்தன. இரண்டாவது முறை யாரோ ஒரு புண்ணியவான் 'செய்நேர்த்தி இருக்கிறது, ஆள் இல்லை' என்று கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தார். ஞானசம்பந்தம் அந்த வரியை ஒரு வாரம் திரும்பத் திரும்பப் படித்தான். பன்னிரண்டாவது பொம்மையை ஓர் ஆளைப் பார்த்துத்தான் செய்வது என்று அப்போது முடிவு கட்டினான்.

அகப்பட்டவர் கட்டிங் மாஸ்டர் மருதாசலம். ஐம்பத்திரண்டு வயது, அதில் முப்பது வருடம் கத்தரியோடு போய்விட்டது. நாற்பது மடிப்புத் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கோடு போட்டு, ஒரே மூச்சில் வெட்டுவார். ஓரம் ஒரு நூல் விலகாது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சட்டையைக் கழற்றிவிட்டுக் கொட்டகையில் வந்து உட்கார்ந்தார். "என்னையப் பாத்தா செய்யறீங்க தம்பி? பொம்மைக்குக் கேடு காலமுங்க" என்று சிரித்தபடி மூன்று வாரம் உட்கார்ந்தார்.

ஞானசம்பந்தம் கண்ணில் பட்டதை அப்படியே செய்தான். கத்தரி பிடித்துப் பிடித்து அவருடைய வலது தோள் இறங்கியிருந்தது. முதுகில் ஒரு பக்கம் சதை திரண்டு, மறு பக்கம் வற்றியிருந்தது. அதையும் செய்தான். அவரிடம் மட்டும் சொல்லவில்லை. நல்ல மனுஷரிடம் 'உங்கள் தோள் கோணல்' என்று எப்படிச் சொல்வது? செய்து முடித்து வெள்ளையாக நிறுத்திவிட்டுச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான். தலையில்லாத அந்த உடம்பு யாருடையது என்று கேட்கவே வேண்டியதில்லை என்று நினைத்தான். சரக்குப் பார்க்க வரவிருந்த பம்பாய் வியாபாரி வந்து போனதும் அதை முதலாளியிடம் கேட்டு வாங்கிக் கண்காட்சிக்கு அனுப்புவதாகத் திட்டம். பிறகு பிளாஸ்டர் வாங்கக் கோயமுத்தூர் போய்விட்டான்.

அப்போதுதான் வினை பிடித்தது. வியாபாரிக்குக் காட்டப் புது மாதிரிக் கைவைக்காத பனியன் ஒன்றைத் தைத்துப் பொம்மைக்கு மாட்டினார்கள். கழுத்து ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. வலது தோள் பட்டை தொளதொளவென்று வழிந்தது. முதலாளி மருதாசலத்தைக் கூப்பிட்டார்.

"மேசை மேல போட்டா நேராத்தானுங்க இருக்குது" என்றார் மருதாசலம்.

"மேசையா பனியன் போடுது?" என்றார் முதலாளி.

வேறு பொம்மையில் மாட்டிப் பார்க்கலாம் என்றால், பழையவை எல்லாம் ஊர் ஊராகக் கடைகளுக்குப் போய்விட்டன. ஆளைப் போடச் சொல்லிப் பார்க்கலாம் என்றால், மாதிரிச் சரக்கை யாரும் மேலே போடக் கூடாது என்பது கம்பெனிச் சட்டம். வேர்வை பட்டால் பம்பாய்க்காரர் மோந்தே கண்டுபிடித்துவிடுவாராம். மருதாசலம் மறுபடி வெட்டினார். மறுபடியும் சாய்ந்தது. மூன்றாவதும் அதே கோணல். அவர் வெட்டி வைத்த முந்நூறு டஜனையும் தைக்க வேண்டாம் என்று முதலாளி நிறுத்திவிட்டார். சாயங்காலம் மருதாசலம் தம் கைவிரல்களை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் ஞானசம்பந்தம் கோயமுத்தூரிலிருந்து வந்து சேர்ந்தான். பனியன் மாட்டிய பொம்மையைப் பார்த்த உடனே அவனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. வாயைத் திறந்தால் முதலாளி அடுத்த வார்த்தை என்ன சொல்வார் என்பதும் விளங்கியது. அரத்தை எடுத்து ராவு, பிளாஸ்டர் அப்பித் தோளை ஏற்று என்பார். ஆறு வருடத்துக்குப் பிறகு பொம்மைக்குள் வந்து சேர்ந்த ஆள் போய்விடுவார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று கொட்டகைக்குள் போய்ப் படுத்தான். வெட்கக்கேடுதான். படுத்தவன் தூங்கினானா என்றால் அதுவும் இல்லை.

மறுநாள் காலை ஷிப்டுக்கு மணி அடித்ததும் மருதாசலம் முதலாளி அறைக்குப் போனார். கத்தரியைத் துணியில் சுற்றி மேசைமேல் வைத்தார். அவருடைய கத்தரியை வேறு யாரும் தொட்டது கிடையாது, தொட விட்டதும் கிடையாது. "கை போயிருச்சுங்க மொதலாளி. இன்னொரு ஆளப் பாத்துக்குங்க" என்றார். கதவோரம் நின்ற ஞானசம்பந்தத்தால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"கோணல் பனியன்ல இல்லீங்க. பொம்மைலதான்."

முதலாளி நம்பவில்லை. மருதாசலமே டேப்பை எடுத்துக்கொண்டு ஓடினார். இடுப்பிலிருந்து இடது தோள் வரை அளந்தார், வலது தோள் வரை அளந்தார். வலதில் முக்கால் அங்குலம் குறைந்தது. "என்ர கை போகலீங்க!" என்று கத்தினார். கண்ணில் தண்ணீர் நின்றது. தையல் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்று, எல்லாரும் எழுந்து வந்துவிட்டார்கள்.

"ஏனுங்க தம்பி, என்னையப் பாத்துத்தான செஞ்சீங்க? இத்தன கோணலா எவனுதுங்க இந்த ஒடம்பு?"

ஞானசம்பந்தம் தலையைக் குனிந்துகொண்டான். "உங்களுதுங்க மாஸ்டர்."

மருதாசலம் இடது கையால் வலது தோளைத் தொட்டுப் பார்த்தார். முதலாளி பனியனைப் பொம்மையிலிருந்து கழற்றி, கம்பெனிச் சட்டத்தையும் மறந்து, "இந்தா, போடு" என்று நீட்டினார். மருதாசலம் போட்டுக்கொண்டார். அவர் மேலும் அது அச்சு அசலாக அதே சாய்வில் நின்றது. எல்லாரும் சிரித்தார்கள். முதலாளிகூடச் சிரித்தார். மருதாசலம் சிரிக்கவில்லை.

"எம்பட பனியன் இப்படித்தானுங்க வழியும். தெக்கிறவன் கை சரியில்லைன்னு இத்தன வருசமா வெள்ளையனத் திட்டிப் போட்டனே" என்றார் மெதுவாக. தையல் மிஷினை விட்டு எழுந்து வந்திருந்த வெள்ளையன், "அதான் தெனமும் வாங்கிக் கட்டிக்கிட்டனே மாஸ்டர்" என்றான்.

முதலாளி, ஞானசம்பந்தம் நினைத்ததையே சொன்னார். நாளைக் காலை வியாபாரி வருகிறார், அதற்குள் தோளை ஏற்றிவிடு. அவன் பிளாஸ்டரைக் கரைக்கப் போனான். வாளியில் தண்ணீர் ஊற்றும்போது மருதாசலம் கொட்டகைக்குள் வந்தார்.

"அத வெச்சிருங்க தம்பி. மொதலாளிகிட்டச் சொல்லிப்போட்டேன். சரக்கு நேராவே இருக்கட்டும். பொம்மைக்கு மட்டும் அதும்பட ஒடம்புக்குத் தக்கன ஒண்ணு வெட்டறேன்."

கொண்டுவந்த துணியைக் கொட்டகை மேசையில் விரித்து வலது பட்டையில் முக்கால் அங்குலம் குறைத்துக் கோடு போட்டார். கத்தரி துணிக்குள் இறங்கியது. ஞானசம்பந்தம் கையைத் துடைத்துக்கொண்டு மேசையருகே வந்தான். சொல்லாமல் விட்டால் அந்த மனுஷர் முகத்தில் இனி விழிக்க முடியாது.

"எனக்கு நேத்தே தெரியுமுங்க மாஸ்டர். பொம்மையைக் கெடுத்துருவாங்கன்னுட்டுச் சொல்லாம இருந்துட்டேன்."

வெட்டைப் பாதியில் நிறுத்தக் கூடாது. மருதாசலம் வளைவு முடியும்வரை வெட்டி, கத்தரியைக் கீழே வைத்தார்.

"நேத்துப் பொழுதோட ஊட்டுக்குப் போயி எம்பட சம்சாரம் நல்லம்மாகிட்டச் சொன்னேன். இனி எனக்கு வேலையில்லைன்னு. அவ சோறு திங்கலீங்க."

ஞானசம்பந்தத்தால் நிமிர முடியவில்லை.

"ஒரு நாள் யோசிச்சீங்க. நானா இருந்தாலும் யோசிச்சிருப்பனுங்க. ரெண்டாம் நாளும் யோசிச்சிருந்தா நீங்க மனுசனே இல்லீங்க தம்பி."

சொல்லிவிட்டு அவர் பக்கத்தில் இன்னொரு துணியை விரித்தார். அதே கோடு, அதே முக்கால் அங்குலம். பொம்மைக்கு ஒன்றே போதும்; இது யாருக்கு என்று ஞானசம்பந்தம் கேட்கவில்லை. துணி நகராமல் இருக்க மறுமுனையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.